சாவியில்லாப் பூட்டு

துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சியின் ரிமோட், மின்சார மீட்டர், காரின் பிரேக் அமைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் நகத்தளவே உள்ள ஒரு கறுப்புச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி எனலாம். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் கால்கள் எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில் அமைந்த முழுமையான கணிப்பொறி அது.

இச்சில்லு என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள நிரல், அதாவது புரோகிராம், சொல்லுகிறது. அந்த நினைவகம் பெரும்பாலும் 'ஃபிளாஷ்' வகையைச் சேர்ந்தது. மின்சாரம் நின்றாலும் எழுதியது மறையாது. வேண்டும்போது அழித்து மீண்டும் எழுதலாம். இது அதன் பெருமை. ஆனால் இந்தப் பெருமைக்குள்ளேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எழுதியவர் அழிக்கலாம் என்றால், மற்றவர்களும் அழிக்கலாம் அல்லவா?

மின்சார மீட்டரை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் அதன் நிரலை அழித்துவிட்டு, 10 யூனிட் செலவானால் 6 யூனிட் என்று காட்டும் வேறொரு நிரலை உள்ளே ஏற்றிவிடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது. இதையே காரின் பிரேக்கில் செய்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பொறியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: நிரலை எழுதிய பிறகு, வெளியிலிருந்து யாரும் என்றுமே அழிக்க முடியாதபடி சில்லைப் பூட்ட முடியுமா?

முடியும். ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு விலை உண்டு. பூட்டு, விலை இரண்டையும் பார்ப்போம்.

சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்

பூட்டைப் புரிந்துகொள்ள, முதலில் எழுதுவதும் அழிப்பதும் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1967 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இரு விஞ்ஞானிகள் புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றை விவரித்தார்கள். டிரான்சிஸ்டரின் உள்ளே, எந்தக் கம்பியோடும் சேராமல், நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு தகடு இருக்கும். இதற்கு 'மிதக்கும் வாயில்' என்று பெயர். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவைப் போன்றது இது. இந்தத் தீவில் எலெக்ட்ரான்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அவை தப்ப வழியில்லை. மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே இருக்கும். நுண்கட்டுப்படுத்திகளில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் பெரும்பாலும் எலெக்ட்ரான்கள் நிறைந்த தீவு 0 என்றும், காலியான தீவு 1 என்றும் படிக்கப்படும்.

தப்ப வழியில்லை என்றால் அழிப்பது எப்படி? தீவைச் சூழ்ந்த கண்ணாடி போன்ற சிலிக்கான் ஆக்சைடுப் படலம் ஒரு பக்கத்தில் மிக மெல்லியது. அதன் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய சுவருக்குக் குறுக்கே வலுவான மின்புலத்தைக் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் சுவரைத் துளைக்காமலே அதனைக் கடந்துவிடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் இதற்கு 'டன்னலிங்' என்று பெயர்.

இதற்கு முன்பு வேறொரு முறை இருந்தது. 1971 இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய 'இப்ராம்' என்னும் நினைவகச் சில்லின் தலையில் ஒரு சிறிய குவார்ட்ஸ் சன்னல் இருக்கும். அதன் வழியே புறஊதா ஒளியை ஏறத்தாழ 20 நிமிடம் பாய்ச்சினால், எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெற்றுத் தீவைவிட்டு வெளியேறும், எழுதியது அழிந்துவிடும். இந்த ஒளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரப்போகிறது.

ஒளியின்றி மின்சாரத்தாலேயே பெருந்தொகுதியாக ஒரே நேரத்தில் அழிக்கும் முறையை ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகா 1984 இல் உலகுக்கு அறிவித்தார். ஒரே நொடியில் அழிவது காமிராவின் ஃபிளாஷ் ஒளியை நினைவூட்டியதால் அவருடைய சக ஊழியர் சூட்டிய பெயர்தான் 'ஃபிளாஷ்'.

சில்லின் வாசல்கள்

நிரலை உள்ளே ஏற்றுவதற்குச் சில்லில் சில கால்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கணிப்பொறியோடு இணைந்த ஒரு சிறு கருவியை அக்கால்களில் பொருத்தி, 'அழி', 'எழுது', 'படித்துக் காட்டு' என்ற கட்டளைகளை அனுப்பலாம். இதனை முன்வாசல் என்று வைத்துக்கொள்வோம். பல சில்லுகளில் பின்வாசலும் உண்டு. தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்ட ஒரு சிறு நிரல், தொடர்க் கம்பி வழியாக வரும் கட்டளைகளைக் கேட்டு நினைவகத்தை எழுதும். அதற்கு 'பூட்லோடர்' என்று பெயர்.

மூன்றாவதாக உள்வாசல் ஒன்றும் இருக்கிறது. பல சில்லுகளில், சில்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தன் நினைவகத்தின் ஒரு பகுதியை அழித்து எழுத முடியும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வேண்டுமென்றால் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் அடைக்க வேண்டும். ஒன்றை அடைத்து மற்றொன்றை மறந்தால் பயனில்லை.

ரகசியத்தைக் காக்கும் பூட்டு

பள்ளி மாணவர்கள் பலருக்குப் பழக்கமான 'அர்டுயினோ ஊனோ' பலகையில் ஏடிமெகா328பி என்ற சில்லு உள்ளது. அதன் ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட். அதாவது 2,62,144 பிட்டுகள். இவை தவிர 6 'பூட்டு பிட்டுகளும்' அதில் உண்டு. அவற்றுள் உரிய இரண்டை 0 ஆக்கிவிட்டால், வெளியிலிருந்து யாரும் நிரலைப் படிக்க முடியாது. அதன்மேல் எழுதவும் முடியாது.

இப்போது சில்லு பத்திரம் என்று தோன்றுகிறது அல்லவா? இல்லை. 'முழுச் சில்லையும் அழி' என்ற கட்டளையை அது அப்போதும் ஏற்கும். அக்கட்டளை வந்ததும் முதலில் நிரல் முழுவதும் அழியும். அது முற்றிலும் அழிந்த பிறகே பூட்டு பிட்டுகள் அழிந்து, பூட்டு திறக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் புது நிரல் ஏற்றலாம்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? பூட்டு முதலில் அழிவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு அழிந்து, நிரல் இன்னும் அழியாத அந்தக் கணத்தில் ஒருவர் மின்சாரத்தைத் துண்டித்தால் என்ன ஆகும்? பூட்டு போய்விட்டது, ரகசியம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் ரகசியம் முதலில், பூட்டு பிறகு.

இத்தகைய பூட்டு, 'திறந்தால் உள்ளே இருக்கும் கடிதங்கள் எரிந்துவிடும்' என்று அமைத்த பெட்டியைப் போன்றது. கடிதத்தைத் திருட வந்தவன் ஏமாந்து போவான். ஆனால் கடிதத்தை எரித்துவிட்டுப் பொய்க் கடிதம் வைக்க வந்தவனுக்கு இப்பூட்டு தடையே இல்லை. அவன் வேலையைப் பெட்டியே பாதி செய்து கொடுக்கிறது! நம் மின்சார மீட்டருக்கு வந்த ஆபத்து இந்த இரண்டாம் வகை. ரகசியத்தைக் காப்பது வேறு, கருவியைக் காப்பது வேறு.

உருகிப் போகும் சாவி

உங்கள் பெற்றோர் பாட்டுக் கேட்ட ஒலிநாடாக் கேசட் வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் முதுகுப்புறத்தில் இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். பதிவு செய்த பாட்டு தவறி அழிந்துவிடக் கூடாது என்று நினைத்தால் நாக்கை ஒடித்துவிடுவார்கள். அதன்பின் அந்தக் கேசட்டில் பதிவு செய்ய டேப்ரிக்கார்டர் இடம் தராது. ஆனால் ஒடித்த துளையின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும், மீண்டும் பதிவு செய்யலாம்.

காமிராவில் போடும் எஸ்டி அட்டையின் ஓரத்தில் உள்ள நகர்த்தும் பொத்தான் இன்னும் எளியது. அது அட்டைக்குள் எதையும் பூட்டுவதில்லை. 'தயவுசெய்து எழுதாதே' என்று காமிராவுக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. காமிரா அதனை மதிக்காவிட்டால் அட்டை தடுக்காது.

நிரந்தரப் பூட்டு வேண்டுமென்றால், ஒட்டுநாடா ஒட்ட முடியாத இடத்தில் நாக்கை ஒடிக்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430 குடும்பத்தின் பழைய வகைகளில் அப்படித்தான் செய்தார்கள். முன்வாசலுக்குச் செல்லும் மின்பாதையில், சில்லுக்குள்ளேயே ஓர் உருகி, அதாவது ஃபியூஸ், வைத்தார்கள். சாதாரணமாக 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அச்சில்லின் குறிப்பிட்ட காலில் 6 முதல் 7 வோல்ட் வரை கொடுத்து அந்த உருகியை எரித்துவிடலாம். வீட்டு ஃபியூஸ் போனால் கம்பி மாற்றலாம். சிலிக்கானுக்குள் எரிந்த உருகிக்குக் கம்பி மாற்ற ஆளில்லை. முன்வாசல் அத்தோடு முடிந்தது.

ஆனால் பின்வாசல்? இச்சில்லில் பூட்லோடர் உண்டு. நிரலைப் படிக்க அது 32 பைட் நீளமுள்ள கடவுச்சொல்லைக் கேட்கும். முழுவதும் அழிக்கவோ கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை! உருகியை எரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவருடைய சில்லை இவ்வழியாக யாரும் துடைத்துவிடலாம். இதனை அடைக்க, இக்குடும்பத்தின் சில வகைகளில் நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட எண்ணை எழுதி வைக்க வேண்டும். அதைக் கண்டதும் பூட்லோடர் வேலை செய்ய மறுத்துவிடும். பூட்டுவதற்கு முன் வாசல்களை எண்ண வேண்டும் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

தன்னையே பூட்டிக்கொள்ளும் பூட்டு

உருகி இல்லாமல், ஃபிளாஷ் பிட்டுகளைக் கொண்டே நிரந்தரப் பூட்டு செய்யலாமா? எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சில்லுகளில் இதற்கு விடை இருக்கிறது. அவற்றுள் பலவற்றில் பாதுகாப்புக்கு மூன்று நிலைகள் உண்டு.

நிலை 0: எல்லா வாசல்களும் திறந்திருக்கும்.

நிலை 1: வெளியிலிருந்து நிரலைப் படிக்க முடியாது. நிலை 0 க்குத் திரும்பலாம்; ஆனால் திரும்பும்போது நிரல் முழுவதும் அழிந்துவிடும். கடிதம் எரியும் பெட்டி இது.

நிலை 2: முன்வாசல், பின்வாசல் இரண்டும் மூடப்படும். நிலையைக் குறிக்கும் பிட்டுகளையும் மாற்ற முடியாது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பூட்டு பிட்டும் மிதக்கும் வாயிலில் எலெக்ட்ரான்களாகத்தானே இருக்கிறது? மற்ற பிட்டுகளை அழிப்பது போல அதையும் அழிக்கலாமே? அழிக்கலாம்தான், ஆனால் அழிப்பதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தருவது சில்லுக்குள் இருக்கும் ஒரு சுற்று. மின்சாரம் வந்தவுடன் அச்சுற்று முதலில் பூட்டு பிட்டுகளைப் படிக்கிறது. நிலை 2 என்று கண்டால், அந்தப் பிட்டுகளை அழிக்கச் சொல்லும் எந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை. சாவியை அறைக்குள்ளேயே வைத்து, உள்ளிருந்து தாழிட்டுக்கொண்ட கதை இது. சாவி அழியவில்லை, அதனை எடுக்கப் போகும் வழிதான் இல்லை.

கொடுக்க வேண்டிய விலை

இந்தப் பூட்டு திருடனையும் வீட்டுக்காரனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிரலை எழுதிய பொறியாளரும் இப்போது வெளியாள்தான். நிரலில் ஒரு பிழை மிஞ்சியிருந்தால், ஆயிரம் கருவிகளைப் பூட்டி அனுப்பிய பிறகு அது தெரியவந்தால், ஆயிரம் சில்லுகளையும் கழற்றி எறிய வேண்டியதுதான். பழுதான சில்லைச் சோதிக்கலாம் என்று தயாரித்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பினாலும், நிலை 2 இல் பூட்டிய சில்லை ஆராய இயலாது என்று அந்நிறுவனமே தன் கையேட்டில் எச்சரித்திருக்கிறது.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. வெளிவாசல்களை மூடிவிட்டு, உள்வாசலில் ஒரு காவலனை நிறுத்துவது. அதாவது, நினைவகத்தின் ஒரு மூலையில் சிறிய காவல் நிரல் ஒன்றை எழுதி வைக்கிறோம். புது நிரல் வந்தால், அதில் உள்ள எண்முறைக் கையொப்பத்தை அது சோதிக்கும். கையொப்பமிட உதவும் ரகசிய எண் தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்கும். சில்லில் இருப்பது சோதித்துப் பார்க்க உதவும் எண் மட்டும். அந்த எண் பிறர் கைக்குப் போனாலும் அதைக்கொண்டு பொய்க் கையொப்பம் இட முடியாது. கையொப்பம் சரியென்றால் காவலன் பழையதை அழித்துப் புதியதை எழுதுவான். இல்லையென்றால் திருப்பி அனுப்புவான்.

ஆனால் காவலனிடமே பிழை இருந்தால்? அவனைத் திருத்த யாராலும் முடியாது. ஆகவே பெரிய நிரலை நிரந்தரமாக்குவதைவிட, நன்றாகச் சோதிக்கத்தக்க சிறிய நிரலை நிரந்தரமாக்குவதே அறிவுடைமை. சில்லைப் பூட்டுவது எப்போதும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே பூட்ட வேண்டும்.

நிரந்தரம் எவ்வளவு நிரந்தரம்?

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன புறஊதா ஒளிக்கு இப்போது வருவோம்.

2017 இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எஸ்டிஎம்32 எஃப்0 வகைச் சில்லை ஆராய்ந்தார்கள். அதில் 10101010 என்ற பைட் நிலை 0 ஐயும், 11001100 என்ற பைட் நிலை 2 ஐயும் குறிக்கின்றன. சரிபார்ப்பதற்காக ஒவ்வொன்றுக்கும் அருகில் அதன் தலைகீழ் வடிவமும் எழுதப்பட்டிருக்கும். இவ்விரண்டும் அல்லாத வேறு எந்த அமைப்பு இருந்தாலும் அது நிலை 1 என்றே கொள்ளப்படும்.

இதில் உள்ள பலவீனத்தை உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா? 11001100 இல் ஏதேனும் ஒரு 0, 1 ஆக மாறினால் போதும். அது நிலை 2 அல்ல. புறஊதா ஒளி செய்வது சரியாக அதைத்தான். தீவிலிருந்து எலெக்ட்ரான்களை விரட்டி 0 ஐ 1 ஆக்குகிறது. ஆய்வாளர்கள் சில்லின் பிளாஸ்டிக் உறையை நீக்கி, உள்ளேயிருந்த சிலிக்கான் மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். நிலை 2, நிலை 1 ஆகிவிட்டது. நிலை 1 இலிருந்து நிலை 0 க்கு இறங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. 'என்றும் திறக்காது' என்ற பூட்டு திறந்துவிட்டது!

ஆனால் இதனைத் தெருவில் போகிறவர் செய்துவிட முடியாது. சில்லைக் கையில் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது கெடாமல் உறையை நீக்க வேண்டும். ஆய்வுக்கூடமும் திறமையும் வேண்டும். பூட்டின் பயன், திறக்கவே முடியாமல் இருப்பதில் மட்டும் இல்லை. திறக்கும் செலவு, கிடைக்கும் ஆதாயத்தைவிட அதிகமாக இருப்பதிலும் உண்டு. பிற்காலத்தில் வந்த எஸ்டிஎம்32 யூ5 போன்ற வகைகளில், முன்கூட்டியே கடவுச்சொல் பதிந்து வைத்திருந்தால் மட்டும் நிலை 2 இலிருந்து இறங்கலாம் என்ற ஏற்பாட்டைத் தயாரிப்பாளரே செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரனுக்கு ஒரு சாவி வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

பூட்டை மதிக்காத இன்னொருவரும் உண்டு. அவர் பெயர் காலம். சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒன்றிரண்டாகக் கசிந்துகொண்டேதான் இருக்கின்றன. ஏடிமெகா328பி சில்லின் நினைவு 25 பாகை செல்சியசில் 100 ஆண்டுகளும், 85 பாகை செல்சியசில் 20 ஆண்டுகளும் நிற்கும் என்று அதன் விவரக் குறிப்பு கூறுகிறது. சூடு ஏற ஏறக் கசிவு விரைவாகும். எவ்வளவு வலுவான பூட்டானாலும் இந்தக் கசிவை நிறுத்தாது.

சிந்தித்துப் பாருங்கள்

1. மின்சார மீட்டர், பொம்மைக் கார், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் ஆகிய மூன்றுக்கும் நீங்களே பொறியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதனை நிரந்தரமாகப் பூட்டுவீர்கள்? எதற்குக் காவலனை நிறுத்துவீர்கள்? எதனைத் திறந்தே விடுவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.

2. ஒரு பைட்டில் 256 விதமான அமைப்புகள் உண்டு. நிலை 2 க்கு ஒரே ஓர் அமைப்பை மட்டும் கொடுத்து, மற்ற அமைப்புகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிலை 1 க்குக் கொடுத்தார்கள். நீங்களாக இருந்தால் எப்படிப் பங்கிட்டிருப்பீர்கள்? ஒரு பிட் தற்செயலாக மாறினால் உங்கள் சில்லு எந்தப் பக்கம் சாயும்?

இரண்டாம் கேள்விக்கு விடை தேடும்போது, ஒரு பிட் தவறினாலும் திறந்துகொள்ளும் பூட்டு, ஒரு பிட் தவறினாலும் மூடிக்கொள்ளும் பூட்டு என இரண்டு வகை இருப்பது உங்களுக்குப் புலப்படும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்தச் சில்லை நம்பி யார் எதை ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.